பழைய ஃபிலிம் கேமராவுக்கு பேட்டரி: வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதா, காது மெஷின் கடைக்குப் போறதா?

தாத்தா பீரோவுல இருந்தோ மூர் மார்க்கெட்ல பேரம் பேசியோ ஒரு கேனான் கேனோநெட், ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி 101, ரோலை 35 இப்படி ஏதாவது ஒண்ணு கைக்கு வந்துடுச்சுன்னு வைங்க. ஷட்டர் அடிக்குது, லென்ஸ்ல ஃபங்கஸ் இல்ல, எல்லாம் ஓகே, ஆனா பேட்டரிக்குன்னு இருக்கிற சின்ன மூடிய காசு வெச்சு திருகித் தொறந்தா உள்ள கேக்கிறது பிஎக்ஸ் 625ங்கிற பேட்டரி, அத நம்ம ஊர் கடையில கேட்டா யாருக்கும் தெரியல, நெட்ல தேடினா அமெரிக்காவுலயோ ஜெர்மனியிலயோ ஒரு கடை வெச்சிருக்கு, பேட்டரி ஏழெட்டு டாலர், செக்கவுட் போனா ஷிப்பிங் இருபத்தஞ்சு டாலர்ங்குது. முக்காவாசி பேரு இங்கதான் கேமராவ திரும்ப பீரோவுக்குள்ள வெச்சிடுறாங்க, மீதி பேரு கடுப்புல அந்த காச கட்டிடுறாங்க. ரெண்டுமே வேண்டாம். வேற வழி நாலஞ்சு இருக்கு, எது யாருக்கு ஒத்துவரும்னு பாத்துடலாம்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சா மத்ததெல்லாம் ஈஸி. ஒரிஜினல் பிஎக்ஸ் 625 ஒரு பாதரச பேட்டரி, 1.35 வோல்ட். அதோட பெருமையே, சாகிற வரைக்கும் அந்த 1.35 கிட்டத்தட்ட அசையாம நிக்கும், அத நம்பித்தான் அந்தக் காலத்து கம்பெனிகள் வெளிச்சத்த அளக்கிற லைட் மீட்டர் சர்க்யூட்ல வோல்டேஜ் ரெகுலேட்டர்னு தனியா எதுவும் வெக்கல. பாதரசம் விஷம்ங்கிறதால அமெரிக்கா 1996லயே சட்டம் போட்டு பாதரச பட்டன் பேட்டரிய நிறுத்துச்சு, அப்புறம் 2013ல பாதரசத்தக் குறைக்க உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தம் வந்துச்சு, 2017ல அமலாச்சு, இந்தியாவும் 2018ல சேந்துடுச்சு. ஆக அந்த ஒரிஜினல் திரும்பி வரவே வராது. எவனாவது பழைய ஸ்டாக் இருக்குன்னு சொன்னா கூட வாங்காதீங்க, அதுல பாதி செத்திருக்கும், மீதி கசிஞ்சிருக்கும்.

அப்ப நமக்கு வேண்டியது மூணு: கேமராவோட பேட்டரிக் குழிக்குள்ள உக்காரணும் (சுமார் 16 எம்எம் அகலம், 6 எம்எம் உயரம்), 1.35 வோல்ட் பக்கத்துல குடுக்கணும், கொஞ்ச நாளாவது அதே வோல்ட்ல நிக்கணும். பேட்டரி மேல 625னு எழுதியிருக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. அந்த நம்பரத் தேடி அலையறதாலதான் ஷிப்பிங் காசு தண்டம் ஆகுது.

நம்பரப் பாத்து ஏமாறுறதுக்கு நல்ல உதாரணம் ஆல்கலைன் 625. இது சில ஆன்லைன் கடையில நம்ம ஊர்லயே கிடைக்கும், சைஸ் கச்சிதம், ரிங்கு கிங்கு எதுவும் வேண்டாம், போட்டா மீட்டர் முள்ளு ஆடும், சந்தோஷமா இருக்கும். ஆனா அது 1.5 வோல்ட், புதுசுல இன்னும் கொஞ்சம் மேலயே இருக்கும். வோல்டேஜ் ஜாஸ்தியானா மீட்டர் இருக்கிறத விட வெளிச்சம் அதிகம்னு நினைச்சுக்கும், நீங்க அதை நம்பி லென்ஸ்ல வெளிச்சம் நுழையற அப்பர்ச்சர சின்னதாக்குவீங்க, படம் இருட்டா வரும். எவ்வளவு இருட்டுன்னா அரை ஸ்டாப்ல இருந்து ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகிறது) மேல கூட போகும், அதுவும் வெயில்ல ஒரு அளவு, வீட்டுக்குள்ள வேற அளவு. சரி, ஃபிலிம் வெளிச்சத்த எவ்வளவு வேகமா வாங்கும்னு சொல்ற ஐஎஸ்ஓ நம்பர மாத்தி வெச்சுக்கலாம், 400 ஃபிலிமுக்கு 200னு செட் பண்ணிக்கலாம்னு சொல்றாங்க, அது முதல் மாசம் சரி, ஆல்கலைன் வோல்டேஜ் நாளாக நாளாக இறங்கிட்டே வரும், ரெண்டாவது மாசம் நீங்க போட்ட கணக்கு தப்பாயிடும். கலர் ஃபிலிம் ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்கு மேல போயிட்ட இந்த நேரத்துல, பேட்டரியில நூறு ரூபா மிச்சம் பிடிச்சு ரோல்ல விடுறது எனக்கு சரியாப் படல. பிளாக் அண்ட் ஒயிட் மட்டும் அடிக்கிறவங்க, கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பரவால்லங்கிறவங்க, சும்மா மீட்டர் வேலை செய்யுதான்னு மட்டும் பாக்கணும்கிறவங்க வாங்கிக்கலாம்.

இப்ப இம்போர்ட். வெளிநாட்டுல விக்கிற வெய்ன் செல்ங்கிறதுதான் இந்த பிஎக்ஸ் 625 இடத்துக்குன்னே செஞ்சது. நல்ல பொருள், குறையே சொல்ல முடியாது, 1.35 வோல்ட், அதே சைஸ், அப்படியே போட்டு மூடிடலாம். ஆனா அது உள்ளுக்குள்ள என்னன்னு பாத்தா ஜிங்க்-ஏர் பேட்டரி. அதாவது ஸ்டிக்கர உரிச்சதும் காத்து உள்ள போய் வேலைய ஆரம்பிக்கும், அதுல இருந்து நீங்க கேமராவ தொட்டாலும் தொடாட்டியும் அது காஞ்சுக்கிட்டே இருக்கும். அப்ப ஒரு பீஸ் வாங்கினா அடுத்த பீஸ் வாங்கணும், ஒவ்வொரு தடவையும் ஷிப்பிங்.

செலவு எங்க ஏறுதுன்னு பாருங்க. கஸ்டம்ஸ்ல டூட்டி போடறது பேட்டரி விலைக்கு மட்டும் இல்ல, பேட்டரி விலையோட ஷிப்பிங்ல ஒரு பகுதி, இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் கூட்டி அந்தத் தொகைக்கு. எட்டு டாலர் பொருளுக்கு இருபத்தஞ்சு டாலர் கூரியர் குடுத்தது போக டூட்டி, அதுமேல ஐஜிஎஸ்டி, அதுக்கு மேல கூரியர்காரன் கிளியரன்ஸ் சார்ஜ்னு தனியா ஒண்ணு போடுவான். அண்ணன் அமெரிக்காவுல இருக்கான், கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்றேன்னு நினைக்கிறவங்களுக்கு: கிஃப்டுக்கு இருந்த டூட்டி சலுகை 2019 டிசம்பரோட போச்சு, ராக்கியும் உயிர்காக்கிற மருந்தும்தான் இப்ப விதிவிலக்கு. சைனா சைட்ல ஷிப்பிங் ஃப்ரீயா வருமேன்னா, அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பர்லயே இந்தியாவுல பிளாக் ஆயிடுச்சு. ஈபேல சில செல்லர் சாதா தபால்ல கம்மி விலைக்கு அனுப்புவாங்க, ஆனா ட்ராக்கிங் இருக்காது, வந்தா வரும், வராட்டி கேக்க ஆள் இல்ல.

இதுல என் முடிவு ஒண்ணுதான். தேஞ்சு தீர்ந்து போற பொருள இம்போர்ட் பண்ணாதீங்க, தேயாத பொருளா இருந்தா ஒரே ஒரு தடவை இம்போர்ட் பண்ணலாம். தேயாத பொருள் எதுன்னு கீழ வருது.

அதுக்கு முன்னாடி நம்ம ஊர் வழி. காது மெஷினுக்குப் போடற 675 நம்பர் பேட்டரி இருக்கு பாருங்க, ப்ளூ கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுவும் ஜிங்க்-ஏர்தான். பேருக்கு 1.4 வோல்ட், கேமராவுல போட்டா 1.35 பக்கத்துல வந்து நிக்கும், சாகிற வரைக்கும் பெருசா இறங்காது. இருபத்தஞ்சு டாலர் ஷிப்பிங் குடுத்து வரவழைக்கிற அதே டெக்னாலஜி, ஹியரிங் எய்டு சென்டர்லயும் பெரிய மெடிக்கல் ஷாப்லயும் ஆறு பீஸ் கார்டு ஏறக்குறைய இருநூறு முந்நூறு ரூபாய்க்கு கிடைக்குது. ஆன்லைன்லயும் இருக்கு, ரேயோவேக், பவர் ஒன்னு பிராண்டு பேரும் தெரிஞ்ச பேருதான். கடையில போய் 675 குடுங்கன்னா "பெரியவருக்கா சார், மெஷின் என்ன மாடல்?"னு கேப்பாங்க, கேமராவுக்குன்னு சொன்னா ஒரு மாதிரி பாப்பாங்க, அத மட்டும் தாங்கிக்கணும். கலர மறந்துடாதீங்க, ஆரஞ்சு 13, பிரவுன் 312, மஞ்சள் 10, இதெல்லாம் சின்ன சைஸ், நமக்கு ஆகாது. 675லயே காக்ளியர் இம்ப்ளான்டுக்குன்னு ஒரு வகை உண்டு, அது அதிக கரன்ட் குடுக்கிற மாதிரி செஞ்சது, சீக்கிரம் காஞ்சிடும், விலையும் ஜாஸ்தி, சாதா 675 போதும்.

இதுல இருக்கிற வேலை என்னன்னா சைஸ். 675 அகலம் 11.6 எம்எம், உயரம் 5.4. குழி 16 எம்எம். உள்ள போட்டா லொடலொடன்னு ஆடும். அதுக்கு சுத்தி ஒரு ரப்பர் ரிங், ஹார்டுவேர் கடையில பைப் ஃபிட்டிங்குக்கு விக்கிற ஓ-ரிங், உள்ளளவு பதினொண்ணு பதினொன்றரை, வெளியளவு பதினஞ்சரைக்கு மேல இருக்கிற மாதிரி பாத்து வாங்குங்க, பேட்டரிய கையிலயே எடுத்துட்டுப் போய் போட்டுப் பாத்து வாங்கினா இன்னும் நல்லது, பத்து ரூபாய்க்குள்ள முடியும். உயரம் கொஞ்சம் பத்தாது, முக்காவாசி கேமராவுல ஸ்பிரிங் அத ஈடு கட்டிடும், இல்லன்னா அலுமினியம் ஃபாயில ரெண்டு மூணா மடிச்சு வைக்கணும், ஆனா எந்தப் பக்கம் வைக்கிறீங்கன்னு கவனம், காத்து போற ஓட்டை பாசிட்டிவ் பக்கத்துல இருக்கு, அத ஃபாயில் போட்டு மூடினா பேட்டரிக்கு மூச்சு முட்டிடும், நெகட்டிவ் பக்கம்தான் வைக்கணும். இன்னொண்ணு, சில கேமரா பேட்டரியோட பக்கவாட்டு சுவர்ல இருந்து கரன்ட் எடுக்கும், அதுல ரப்பர் ரிங் போட்டா முள்ளு அசையாது, அங்க பித்தளை ரிங் ஒண்ணு லேத்துல கடைஞ்சுக்கணும். குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, கான்டாக்ட் தகடு அடியில இருக்கா பக்கத்துல இருக்கான்னு தெரிஞ்சிடும்.

ஸ்டிக்கர உரிச்ச உடனே போட்டு மூடாதீங்க. ஒரு ரெண்டு மூணு நிமிஷம் மேசை மேல வெளிய வைங்க, காத்து உள்ள போய் வோல்டேஜ் ஏறட்டும். அவசரப்பட்டு உடனே போட்டுட்டு பேட்டரி டுபாக்கூர்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறவங்க உண்டு. திரும்ப ஸ்டிக்கர ஒட்டி வெச்சா ஆயுசு கூடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, கொஞ்சம் மெதுவாகும் அவ்வளவுதான், நிக்காது. ஃபிரிட்ஜ்லயும் வைக்காதீங்க, வெளிய எடுக்கிறப்ப வேர்த்து ஈரம் சேரும்.

ஆயுசுதான் இதோட குறை. கேமராவுக்குள்ள ரெண்டு மாசம், மிஞ்சினா மூணு மாசம்னு வைங்க, மீட்டர் ஒண்ணும் பெருசா கரன்ட் குடிக்காது, ஆனாலும் காத்து பட்டு அதுவா காயும். வெய்ன் செல்லுல ஓட்டை சின்னது, கம்மி, அதனால அது இதவிட கூட நாள் வரும், அத ஒத்துக்கணும். ஆனா கணக்கு போட்டா ஆறு பீஸ் கார்டு ஒண்ணு ஒரு வருஷத்துக்கு ஓடிடும். வருஷம் முந்நூறு ரூபாய்க்குள்ள. உரிக்காம வெச்சா மூணு வருஷம் வரை தாங்கும், அதனால வாங்கும்போது கார்டு பின்னாடி தேதி பாத்து வாங்குங்க. எப்பவாவது கேமரா எடுக்கிறவங்களுக்கு இது ரொம்பவே நல்லது, ஒரு ட்ரிப் போறப்ப ஒண்ணு உரிச்சாப் போதும். தினமும் கேமராவோட சுத்தறவங்களுக்குத்தான் சரியா நடுரோட்டுல முள்ளு படுத்துக்கிற பிரச்சனை, அவங்க பையில எப்பவும் ஒரு ஸ்பேர் போட்டு வெச்சுக்கணும்.

அப்படி தினமும் சுத்தறவங்களுக்குத்தான் அடுத்த வழி, சில்வர் ஆக்சைடு பேட்டரியும் அடாப்டரும். சில்வர் ஆக்சைடு 1.55 வோல்ட், ஆனா பாதரசம் மாதிரியே கடைசி வரை நேரா நிக்கும், ஒரு வருஷம் அசால்ட்டா ஓடும், வாட்ச் கடையில கிடைக்கும். பிரச்சனை அந்த 0.2 வோல்ட் எக்ஸ்ட்ரா மட்டும்தான். அத இறக்கறதுக்கு உள்ளுக்குள்ள சின்ன சர்க்யூட் வெச்ச எம்ஆர்-9ங்கிற அடாப்டர் இருக்கு, ஜப்பான்ல கான்டோ கேமராங்கிற கடை செய்யுது, வெளிய 625 சைஸ், உள்ள எஸ்ஆர்43 பேட்டரி போடணும். இதுதான் நான் மேல சொன்ன தேயாத பொருள். பேட்டரி வாங்கற காச விட பல மடங்கு, அதுமேல ஷிப்பிங் டூட்டி எல்லாம் உண்டு, ஆனா ஒரு தடவைதான், அப்புறம் அஞ்சு வருஷம் பத்து வருஷம் நம்ம ஊர் வாட்ச் கடை பேட்டரியிலயே ஓட்டலாம். 625 கேக்கிற கேமரா ரெண்டு மூணு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரே அடாப்டர மாத்தி மாத்திப் போட்டுக்கலாங்கிறதால இன்னும் லாபம். ஒண்ணே ஒண்ணு கவனிங்க, இதே எம்ஆர்-9னு பேரு போட்டு வெறும் மெட்டல் ரிங் மட்டும் கம்மி விலைக்கு விக்கிறாங்க, அதுல சர்க்யூட் கிடையாது, சைஸ மட்டும் சரி பண்ணும், வோல்டேஜ இறக்காது. வெறும் ரிங்குன்னு தெரிஞ்சே வாங்கி அதுக்குள்ள 675 போடறது வேற விஷயம், அது நல்ல ஜோடி.

அடாப்டரே வேண்டாம், கேமராவுக்குள்ளயே வோல்டேஜ இறக்கற ஷாட்கி டயோடுங்கிற சின்ன எலக்ட்ரானிக் பார்ட் ஒண்ண வெச்சு சால்டர் பண்ணிடலாம்னு ஒரு கோஷ்டி இருக்கு. டயோடு ரிச்சி ஸ்ட்ரீட்ல சில்லறைக் காசு. வேலை தெரிஞ்ச கேமரா மெக்கானிக் பண்ணினா அருமை, கேமராவ எப்படியும் சர்வீஸுக்கு திறக்கிறாங்கன்னா அப்பவே இதையும் பண்ணித் தாங்கன்னு கேக்கலாம், அதோட மீட்டரையும் 1.55க்கே அட்ஜஸ்ட் பண்ண முடிஞ்சா டயோடே கூட வேண்டாம். டயோடு இறக்கற வோல்டேஜ் அது வழியா போற கரன்ட்ட பொறுத்து மாறும், ரொம்ப மங்கலான வெளிச்சத்துல கரன்ட் கம்மியாகும்போது இறக்கம் குறையும், அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் தப்பு வரும். இது மட்டும்னு வீட்ல ஸ்க்ரூ டிரைவர் எடுத்து திறக்காதீங்க, பழைய கேமராவோட அடித்தட்டு ஸ்க்ரூ தலை தேஞ்சா அப்புறம் மெக்கானிக்கும் திட்டுவார்.

எதுவும் வாங்காம இருக்கிறதும் ஒரு ஆப்ஷன்தான். ஓஎம்-1, எஸ்ஆர்டி, கேனோநெட் இதுல எல்லாம் ஷட்டர் மெக்கானிக்கல், பேட்டரி மீட்டருக்கு மட்டும். ஃபோன்ல லைட் மீட்டர் ஆப் போட்டு அது சொல்ற நம்பர கேமராவுல வெச்சா முடிஞ்சது, கேனோநெட்ல ஆட்டோ மோடு மட்டும் வேலை செய்யாது. நம்ம ஊர் வெயில்ல பகல்ல ஆப் கூட தேவைப்படாது, எஃப்16 வெச்சு ஐஎஸ்ஓ நம்பரையே ஷட்டர் ஸ்பீடா வெச்சா நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிடும். ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு செலினியம் மீட்டர், அதுக்கு பேட்டரியே கிடையாது, புதுசா கேமரா தேடறவங்க இத யோசிக்கலாம்.

இதெல்லாம் 625 கதை. மத்த கேமராக்காரங்க பலருக்கு இந்த அவஸ்தையே இல்ல, தெரியாம அவங்களும் வெளிநாட்டுல ஆர்டர் போடுறாங்க. பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்ல மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட், வோல்டேஜ் கொஞ்சம் மாறினா அது கண்டுக்காது, வாட்ச் கடை 394 சில்வர் பேட்டரிய ஒரு ரிங் சுத்திப் போட்டா ஆச்சு. யாஷிகா எலக்ட்ரோ 35 கேக்கிறது 5.6 வோல்ட் பேட்டரி, 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டு மீதி நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வெச்சா ஓடும். கேனான் ஏஇ-1க்கும் அதே 4எல்ஆர்44தான், அது கிடைக்காட்டி நாலு எல்ஆர்44 பட்டன அடுக்கி பேப்பர்ல இறுக்கமா சுத்துங்க, 21.6 எம்எம் வரும், ஒரிஜினல் 25 எம்எம் சொச்சம், மூணரை எம்எம்முக்கு ஃபாயில் உருண்டை. பத்து பீஸ் அட்டையில ஏஜி13னு போட்டு சல்லிசா விக்கிறதும் எல்ஆர்44தான், ஆனா மாசக்கணக்கில உள்ளேயே விட்டா கசியும், எஸ்ஆர்னு ஆரம்பிக்கிற சில்வர் வகையா வாங்கினா கேமராவுக்கு நல்லது. கடையில சில்வர்னு சொல்லி ஆல்கலைன் குடுக்கிறது சர்வசாதாரணம், பேட்டரி மேலயே பொறிச்சிருக்கிறத படிச்சுட்டு காசு குடுங்க.

தொண்ணூறுகள்ல வந்த ஆட்டோ ஃபோகஸ் கேமராவுக்கு லித்தியம், அதுல சிஆர்123, சிஆர்2 நம்ம ஊர்லயே கிடைக்குது, 2சிஆர்5 மட்டும் தேடணும், விலையும் கடிக்கும். ஆனா அத இம்போர்ட் பண்றது 625ஐ விட மோசம், ஏன்னா லித்தியம் மெட்டல் பேட்டரிய தனியா பயணிகள் விமானத்துல கார்கோவா ஏத்தக்கூடாதுன்னு 2015 ஜனவரியில இருந்து தடை, சர்வதேச தபால்லயும் சாதனத்துக்குள்ள மாட்டியிருந்தாத்தான் விடுவாங்க. அதனால செல்லர் ஒண்ணு அனுப்ப மாட்டேம்பான், இல்ல டேஞ்சரஸ் கூட்ஸ்னு தனி சார்ஜ் போடுவான். ஜிங்க்-ஏர், சில்வர், ஆல்கலைனுக்கு இந்த தடை இல்ல, ஷார்ட் ஆகாம பேக் பண்ணினாப் போதும், ஆனா பேட்டரின்னு எழுதினாலே பயந்து கூரியர்லதான் அனுப்புவேன்னு நிக்கிற கடைங்க நிறைய, கேட்டுப் பாருங்க, சில பேரு சாதா தபாலுக்கு இறங்கி வருவாங்க.

சிங்கப்பூர்ல இருந்தோ துபாய்ல இருந்தோ லீவுக்கு வர்ற மாமா, சித்தப்பா யாராவது இருந்தா 2சிஆர்5ஓ அந்த ஜப்பான் அடாப்டரோ அவங்க அட்ரஸுக்கு ஆர்டர் போட்டு கையில கொண்டு வரச் சொல்றதுதான் எல்லாத்துலயும் சல்லிசு. ஸ்பேர் லித்தியம் பேட்டரிய செக்-இன் பெட்டியில போடக்கூடாது, கேபின் பையில கம்பெனி பேக்கிங்கோட இருக்கணும், இத அவங்ககிட்ட ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொல்லிடுங்க.

கடைசியா, கேமராவத் திறக்கும்போது உள்ள அந்தக் காலத்து பாதரச பேட்டரியே இருந்தா, அத குப்பைக்கூடையில போடாதீங்க, சின்னப் பசங்க கைக்கும் போக வேண்டாம். கையுறை போட்டு எடுத்து மூடி போட்ட டப்பாவுல வெச்சு இ-வேஸ்ட் வாங்கற இடத்துல குடுங்க. குழியில பச்சை கலர்ல பூத்திருந்தா வினிகர் தொட்ட பட்ஸால துடைச்சு, நல்லா காயவெச்சுட்டு அப்புறமா புது பேட்டரி போடுங்க, நூத்துல பாதி கேமரா பேட்டரி மாத்தியும் ஓடலைன்னு சொல்றதுக்கு இந்தப் பச்சைதான் காரணமா இருக்கும்.